அம்மா நட்ட செண்டுடு

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த என் வயசுக்காரர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். ரப்பர் பால்மரக் காட்டு ஓரத்தில் ஊதாப் பூவோடு ஒரு புதர் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? இலை பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். காய் பழுத்து வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. அதைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய் "நான் ஒண்ணும் திங்கல" என்று வாயைத் திறந்தால் போதும், நாக்கே காட்டிக் கொடுத்துவிடும். மலாய்க்காரர்கள் அதைச் செண்டுடுக் என்பார்கள். நம் ஆட்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுச் செண்டுடு என்பார்கள்.

போன மாதம் புக்கிட் காத்தில் பக்கம் ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். அங்கே அதைத் தொட்டியில் வைத்து, விலைச் சீட்டு ஒட்டி விற்கிறார்கள்! ஒரு காலத்தில் வெட்டுக்கத்தியும் விஷமும் கொண்டு துரத்திய செடி. எனக்குச் சிரிப்பு வந்தது. விலை பேசாமல் ஒன்றை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் அம்மா லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவள். முதுகில் பம்பு, மூக்கில் துணி, தலையில் ஒரு பழைய துண்டு. இடது கை பம்பை அடிக்கும், வலது கை குழாயைப் பிடித்துக்கொண்டு லாலாங் புல்லையும் செண்டுடுவையும் தேடிப் போகும். புல் செத்துவிடும். செண்டுடு சாகாது. இலையெல்லாம் கருகி, குச்சி குச்சியாக நிற்கும். வேலையை மேய்க்கிற மண்டோர் வந்து பார்த்துத் திருப்தியாகப் போவார். அடுத்த மழைக்கு அடியிலிருந்து குருத்து விட்டுக் கிளம்பியிருக்கும். "சனியன், என்னைவிடப் பிடிவாதம்" என்று அம்மா அதைத் திட்டுவாள். அவளுக்கு அதன்மேல் ஒரு மரியாதை இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்த வேலையால் அம்மாவின் நகங்கள் மஞ்சளாகிப்போயின. கட்டைவிரல் நகம் ஒருமுறை கழன்றே விழுந்தது. ஆனால் அவளை வாட்டியது நகம் இல்லை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். ஒரு வருசம் அம்மாவின் சட்டியில் மட்டும் ஒரு முளைகூட வரவில்லை. மண் இருந்தபடியே இருந்தது. "மருந்து பம்பு தூக்குற கை. அதுல என்னா முளைக்கும்?" என்று யாரோ சொன்னார்கள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். அடுத்த வருசம் அம்மாவுக்குச் சட்டி கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் அம்மா கை வைக்கப் போனால், "நீ இரு புள்ள, நானே ஒடிச்சுத் தரேன்" என்று ஓடி வருவார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பு இருக்கிறதே, அது அடிப்பதைவிட மோசம்.

அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவுக்கு ஒரு குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதையும் கையோடு சேர்த்துத்தான் பேசினார்கள். மருந்தோடு சேர்த்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்பாவுக்கு டவுனில் லோரி ஓட்டும் வேலை கிடைத்ததும் புக்கிட் காத்திலில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தோம். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா பம்பை இறக்கி வைத்துவிட்டு வீட்டோடு இருந்தாள். வந்த கொஞ்ச நாளில் அக்காவுக்கு மஸ்ஜித் தானாவில் மாப்பிள்ளை அமைந்தது. அங்கே ஒரு சின்ன மளிகைக் கடைக்காரர் மகன். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பூ வைத்துவிட்டுப் போன அன்றைக்கே அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பேச்சை எடுத்துவிட்டார்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தி, பந்தக்கால் நடுகிற அன்று பாலிகை போடுவார்கள். சின்னச் சட்டிகளில் மண் போட்டு, பாலில் ஊறிய நவதானியத்தைச் சுமங்கலிகள் விதைப்பார்கள். முதல் பிடி பெண்ணின் அம்மாதான் போட வேண்டும். அது பச்சையாகக் கிளம்பினால் குடும்பம் தழைக்கும் என்று நம்பிக்கை.

"பாலிகைக்கு நான் முதல் பிடி போட்டுக்கிறேன்" என்றார் அத்தை, காப்பியை ஆற்றிக்கொண்டே. "நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. புள்ள வாழப் போற எடம்லா."

அம்மா "யோசிப்போம் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு லூபோக் சீனாவுக்குப் பஸ் ஏறினாள். கையில் ஒரு காலி பால்மாவு டின், பையில் ஒரு மண்கரண்டி. பழைய தோட்டத்து எல்லையில் இறங்கி, அவள் மருந்தடித்த மேட்டுக்கே போனாள். பெரிய புதர்களை விட்டுவிட்டு முழங்கை உயரத்தில் ஒரு கன்றைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் ஆழமாகத் தோண்டி எடுத்தாள். வேரில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டி உதறிவிட்டாள். "இந்த மண்ணுல ஒரு சத்தும் இல்ல. டவுன் மண்ணு நல்லா இருக்கும்" என்றாள். பாருங்கள், தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் மாக்சிக் ஒருவர், நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி, டின்னை எட்டிப் பார்த்தார். "செண்டுடுக் பூன் நாக் தானாம்?" என்று சிரித்தார். செண்டுடுவைக்கூடவா நடுவார்கள் என்கிறார். அம்மா "சாஜா, மாக்சிக்" என்றாள். சும்மாதான் என்று அர்த்தம். சொல்லிவிட்டு டின்னை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அப்பா, வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில் அது நடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சோற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஊரே போகன்வில்லா வெக்கிது. நீ என்னா களைய கொண்டாந்து வெச்சிருக்க?"

"என் கையப் பாக்கணும்" என்றாள் அம்மா.

"செடிய வெச்சு கையப் பாக்கப் போறியா? கிறுக்கா உனக்கு?"

"வேற எதுல பாக்கறது? ரோசா வெச்சு அது செத்தா, ரோசா அப்படித்தான்னு மனச தேத்திக்குவேன். இது சாகாத செடி. எத்தன வருசம் அடிச்சேன், செத்துச்சா? இது என் கையில வந்தா, எம் பொண்ணுக்கு நானே பாலிகை போடறேன். இதுவும் வராட்டி அண்ணியே போடட்டும். பேச்சு முடிஞ்சுது."

அப்பா மோர் ஊற்றச் சொன்னார். நான் கதவோரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் செடியைத்தான்.

அம்மா அதை வளர்த்த மாதிரி எங்களைக்கூட வளர்க்கவில்லை. அரிசி கழுவின தண்ணீர் அதற்குத்தான். வெயில் அடித்தால் கோணிச் சாக்கில் ஒரு பந்தல். சாயாமல் இருக்க ஒரு குச்சி நட்டு, தன் பழைய பச்சைச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அடுப்புச் சாம்பல் வேண்டும் என்று, கேஸ் அடுப்பு இருக்கும்போதே, பின்னால் விறகு வைத்து வெந்நீர் போட்டாள்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு கட்டினவன் மிச்சமான சிமெந்துக் கட்டி, உடைந்த செங்கல், மணல் எல்லாவற்றையும் வாசலிலேயே புதைத்துவிட்டு மேலே ஒரு சாண் மண்ணைத் தூவிவிட்டுப் போயிருந்தான். நான் குச்சியால் கிளறினாலே டைல்ஸ் துண்டு வரும். அவற்றை வைத்து நொண்டி விளையாடுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் இருந்தார். கேட்டிலிருந்து வாசல்படி வரை ரோஜாத் தொட்டிதான். முதல் நாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "உது காட்டுப் பத்தையெல்லோ? ஏன் உதைப்போய் வளக்கிறியள்?" என்று கேட்டார். அம்மா காரணம் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து டீச்சருக்கு என்னவோ புரிந்திருக்க வேண்டும். மறுநாளே ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"முட்டைக்கோதை இடிச்சுக் கொண்டந்தனான். வேரடியிலை போடுங்கோ. கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டால் மண் நல்லா வரும். என்ர ரோசாவுக்கு உதுதான் போடுறனான்."

மனசார உதவினார். அம்மாவும் மனசார வாங்கிப் போட்டாள். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பையும் கரைத்து ஊற்றினாள்.

செடி மஞ்சளாக ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறிப்போனது. அம்மா பசி என்று நினைத்தாள். இன்னும் சாம்பல், இன்னும் முட்டை ஓடு. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சிக்குப் பதில் பிரியாணி ஊட்டின கதைதான். இலை ஓரங்கள் காய்ந்து சுருண்டன. புதிதாக வந்த குருத்து, விரல் நகம் அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. அம்மா காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்தச் செடிக்குப் புளிப்பு மண்தான் உயிர். மழை அடித்துச் சத்தெல்லாம் போன, பசித்த செம்மண். சுண்ணாம்பும் சாம்பலும் சிமெந்தும் அதற்கு விஷம். நானும் கல்யாணமாகி வந்த வீட்டில் ஒன்றை வைத்து, டீச்சர் சொன்ன அதே வைத்தியத்தைச் செய்து கொன்றுவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு அதைக் கொல்லும் வழி அத்தனையும் தெரியும். வளர்க்கும் வழி எங்கள் யாருக்குமே தெரியாது. களையை வளர்ப்பது எப்படி என்று யார்தான் யாருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

ஆனால் அன்றைக்கு நாங்கள் பார்த்தது ஒன்றுதான். சாகாத செடி அம்மா கையில் செத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசலில் குழி மட்டும் இருந்தது. அம்மா பின்கட்டில் பைப்படியில் உட்கார்ந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். நுரை முழங்கைவரை வந்திருந்தது. கழுவி முடித்து, மறுபடியும் சவர்க்காரத்தை எடுத்தாள்.

"செடி எங்கம்மா?"

"பின்னால எறிஞ்சுட்டேன்."

"ஏம்மா?"

"போய் உடுப்ப மாத்து."

அடுத்த முறை அத்தை வந்தபோது அம்மாவே சொன்னாள். "பாலிகைய நீங்களே போட்டுடுங்க அண்ணி." அத்தை அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அக்கா அடுப்படியில் பாத்திரத்தைப் படாரென்று வைத்தாள். அத்தை கெட்டவர் இல்லை. எங்களுக்கு வரும்போதெல்லாம் பிஸ்கட்டு டின் கொண்டுவருவார். அம்மாவுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் நம்பியதை நம்பினார். அம்மாவும் அதையே நம்பினாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆடி மாதம் நல்ல மழை. ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்ணோடு பேட்மிண்டன் விளையாடிக்கொண்டிருந்தேன். இறகுப்பந்து காற்றில் கூரையைத் தாண்டிப் பின்பக்கம் விழுந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற ஒரு லோங்கான், அதைத் தாண்டி மலையை வெட்டிவிட்ட செம்மண் சரிவு. யாரும் போக மாட்டார்கள். நான் லோங்கானைத் தாண்டிப் போனேன். சரிவின் அடியில் என் இடுப்பு உயரத்துக்குச் செண்டுடு நின்றது. கரும்பச்சை இலை. உச்சியில் பூக்கள், ஊதா நிறத்தில், நடுவில் மஞ்சளாக. அடித்தண்டில் அந்தப் பச்சைச் சேலைக் கிழிசல் இன்னும் கட்டியபடியே இருந்தது.

பந்தை மறந்துவிட்டு ஓடினேன். "அம்மா! உன் செடி! பூத்திருக்கும்மா!"

அம்மா மாவு கையோடு வந்தாள். அக்காவும் பின்னாலேயே வந்தாள். அம்மா சரிவில் இறங்கி, சேலைக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பூவை விரலால் நிமிர்த்தினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாக நான் பார்த்தேன். வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"நான் தூக்கி எறிஞ்சதும் வந்துருச்சு" என்றாள். "என் கையில இருந்த வரைக்கும் வரல. கைய விட்டதும் பொழச்சிருச்சு. அப்ப என்னா அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லம்மா. செடி பொழச்சிருச்சு, அவ்ளோதான் லா" என்றாள் அக்கா.

"எனக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல."

அதே பூவைத்தான் மூன்று பேரும் பார்த்தோம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஓடி வந்திருந்தேன். அம்மாவோ தன் கையைப் பற்றிய கடைசித் தீர்ப்பைப் படித்துவிட்ட மாதிரி மேலே ஏறிப் போனாள். வடை தட்டுவதற்கு முன் மறுபடியும் கை கழுவினாள். அக்கா அங்கேயே நின்று, இரண்டு பூவைப் பறித்து, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பந்தக்கால் நட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் கோலம் போட்டு, சட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பாலில் ஊறிய தானியத்தின் வாசம், சாம்பிராணி, பந்தலுக்குக் கொண்டுவந்த தென்னங்கீற்றின் பச்சை வாசம். அத்தை பட்டுச் சேலையில் வந்து முன்னால் உட்கார்ந்தார். டீச்சரும் இன்னும் இரண்டு சுமங்கலிகளும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை, எப்போதோ ஆகிவிட்டது.

அக்காவை மணையில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"அம்மா போடட்டும்" என்றாள்.

அத்தைதான் முதலில் பேசினார். "நேரம் போவுது. பேசி முடிச்சதுதான இது? நாளைக்கு முளைக்காட்டி உனக்குத்தான் மனசு கஷ்டம், கண்ணு."

"முளைக்காட்டி போவட்டும் அத்தை."

"என்னா பேச்சு பேசற நீ?"

"நெஜமாத்தான் சொல்றேன். வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். எனக்கு அம்மா கை வேணும். அம்மா போடாம நான் உக்கார மாட்டேன்."

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் கரண்டி. "அப்படியெல்லாம் சொல்லாதடி. வாழப் போற புள்ள" என்றாள். அப்பா எழுந்து போய் அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டார். அப்பா என் நினைவில் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று.

டீச்சர் நகர்ந்து இடம் விட்டார். "வாங்கோ, வந்து இருங்கோ" என்றார். அத்தை அம்மாவைப் பார்த்தார். பிறகு தானியக் கிண்ணத்தை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா முதல் பிடி எடுத்தாள். அந்த மஞ்சள் நகங்களுக்கு இடையிலிருந்து பால் சொட்டியது. கொஞ்சம் தானியம் கோலத்தில் சிந்தியது. எல்லாச் சட்டிகளிலும் தூவிவிட்டு, எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பிறகு அத்தையும் டீச்சரும் மற்றவர்களும் அதே சட்டிகளில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா சட்டிகள் இருந்த சாமி அறைப் பக்கமே போகவில்லை. விளக்கேற்றுவதைக்கூட என்னிடம் விட்டுவிட்டாள். பாம்பு புகுந்தால் கம்பை எடுத்துக்கொண்டு முதலில் போகிற அம்மா, நான்கு மண்சட்டிக்குப் பயந்துபோய் இருந்தாள். காலையில் அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும். "போய்ப் பாரு. ஏதாச்சும் தெரியுதா?"

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை மண் அங்கங்கே விரிசல் விட்டிருந்தது. அடுத்த நாள் வெள்ளை வெள்ளையாகத் தலைகள். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான்கு சட்டியும் நிரம்பிவிட்டன. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாசல்படியில் நின்று பார்த்தாள். உள்ளே வந்தாள். குனிந்து ஒவ்வொரு சட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லார் கையும் பட்டுச்சு. என்னுது எதுன்னு தெரியாது" என்றாள்.

அம்மா முளைகளை விரலால் விலக்கி மண்ணைப் பார்த்தாள். நான்கு சட்டியிலும் அப்படியே பார்த்தாள்.

"ஒரு எடங்கூட வெறுசா இல்லல்ல?"

"இல்லம்மா."

"அப்ப என்னுதும் வந்துருக்கு" என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணம் முடிந்து மறுநாள் அக்காவை மஸ்ஜித் தானாவுக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் கடற்கரையில் காரை நிறுத்தினார்கள். பாலிகையைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் பெண் போக வேண்டும். அலை பெரிதாக இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மரத்தடியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு சட்டியைக் கரைத்தார். டீச்சர் ஒன்றைக் கரைத்தார். அக்கா ஒன்றைக் கரைத்தாள். முளைகள் மண்ணோடு பிரிந்து, பச்சையாக மிதந்து போயின.

கடைசிச் சட்டி அம்மாவிடம் இருந்தது. முழங்கால் தண்ணீரில் சேலை நனைய நின்றுகொண்டிருந்தாள். அத்தை கரையிலிருந்து கூப்பிட்டார். அப்பா கூப்பிட்டார். அம்மா திரும்பவில்லை. அக்கா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கி, அவள் தோளைத் தொட்டாள்.

"விடும்மா. நேரமாச்சு."

அம்மா சட்டியை இறக்கவில்லை. முளைகளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இருடி," என்றாள். "இப்பத்தான வந்துருக்கு."